வழுவும் வழுவமைதியும்: தொழில் முதலீட்டுச் செய்திகளின் காலமயக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் தொழில் முதலீடு குறித்து நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் வெளிவரும் செய்திகள், நிகழவிருப்பதை நிகழ்ந்ததாகவும் உச்சவரம்பை உறுதித்தொகையாகவும் எடுத்துரைக்கும் போக்கினைக் கொண்டுள்ளன. இப்போக்கினைத் தமிழ் இலக்கண மரபின் காலவழுவமைதி என்னும் கோட்பாட்டின் துணையுடன் இக்கட்டுரை திறனாய்கிறது. 2015, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற உலக முதலீட்டாளர் மாநாடுகள், திருப்பெரும்புதூர்த் தொழிற்பகுதி, தூத்துக்குடி மின்வாகனத் தொழிற்சாலை, மேல்மா நில எடுப்பு ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. செய்தியாளரின் தனிப்பட்ட நேர்மைக் குறைவைக் காட்டிலும், செய்தி உருவாகும் அமைப்பும் அது கையாளும் மொழி வாய்பாடுமே இச்சார்புக்கு அடிப்படை என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: புரிந்துணர்வு ஒப்பந்தம், காலவழுவமைதி, விளம்பரச் சார்பு, மாவட்டச் செய்தி, வேலைவாய்ப்பு, நில எடுப்பு.

முன்னுரை

தொழில் வளர்ச்சி பற்றிய செய்தி, வாசகரின் வாழ்வில் நேரடியான விளைவுகளை உண்டாக்கும் செய்தி வகையாகும். தன் வட்டத்தில் தொழிற்சாலை வரவிருப்பதாகப் படிக்கும் உழவர், நிலத்தை இப்போதே விற்பதா, காத்திருப்பதா என முடிவெடுக்கிறார். மகனைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதா, கலைக் கல்லூரியில் சேர்ப்பதா எனக் குடும்பம் கூடிப் பேசுகிறது. வங்கிக் கடன் பெற்று வாடகை வீடு கட்டுவோரும் உளர். இம்முடிவுகள் அனைத்துக்கும் செய்தித்தாளின் ஒரு தலைப்பு அடிப்படையாக அமைந்துவிடுகிறது. திரைப்படச் செய்தியில் நேரும் மிகைக்கூற்று வாசகருக்குப் பெரிதும் இழப்பை உண்டாக்குவதில்லை. முதலீட்டுச் செய்தியில் நேரும் மிகைக்கூற்றின் விலையை வாசகரே செலுத்த நேர்கிறது.

ஊடகம் ஆளும் தரப்பின் கருத்தையே பெரிதும் எதிரொலிக்கிறது என்னும் கருத்தினை எட்வர்டு எர்மனும் நோம் சாம்ஸ்கியும் 1988இல் வெளியிட்ட நூலில் ஐந்து வடிகட்டிகளாக வகுத்துக் காட்டினர். அவர்களது மாதிரி பெரும்பாலும் தேசிய ஊடகங்களையும் அயலுறவுச் செய்திகளையும் மையமிட்டது. உள்ளூர் வளர்ச்சிச் செய்திகளுக்கு மிகவும் பொருந்தும் விளக்கத்தை அதற்கு முன்பே, 1976இல், சமூகவியலாளர் ஹார்வி மோலோட்ச் தந்துள்ளார். நகரத்தை வளர்ச்சி இயந்திரமாகக் கண்ட அவர், நில உடைமையாளர், வணிகர், அரசியலாளர் ஆகியோருடன் உள்ளூர்ச் செய்தித்தாளையும் அவ்வியந்திரத்தின் உறுப்பாக்கினார். ஊர் வளர்ந்தால் விற்பனையும் விளம்பரமும் வளரும் என்பதால், எந்த நிறுவனம் வருகிறது என்பதைவிட, ஏதேனும் ஒன்று வருகிறது என்பதே செய்தித்தாளுக்கு நன்மை பயக்கும் என்பது அவரது வாதம். அமெரிக்க நகரங்களை நோக்கி எழுந்த இக்கருத்து, மாவட்டந்தோறும் தனிப்பக்கம் வெளியிடும் தமிழ் நாளிதழ்ச் சூழலுக்கும் ஒளி தருவதாகும்.

எனினும், இவ்விரு கோட்பாடுகளும் சார்பு ஏன் எழுகிறது என்பதையே விளக்குகின்றன. சார்பு தமிழ்த் தொடருக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கத் தமிழ் இலக்கண மரபே துணைநிற்கிறது.

காலவழுவமைதி: ஓர் அளவுகோல்

எதிர்காலத்துக்குரிய செயலையும் நிகழ்காலத்துக்குரிய செயலையும் விரைவுப் பொருளில் இறந்தகாலத்தாற் கூறலாம் எனத் தொல்காப்பிய வினையியல் இசைவளிக்கிறது. உண்டுகொண்டிருக்கும் ஒருவனை வெளியே நிற்பவன் விரைவுபடுத்த, அவன் ‘உண்டேன், வந்தேன்’ என விடையிறுப்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். நன்னூல் இவ்விசைவை விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என நான்காக விரித்துரைக்கிறது. இவற்றுள் தெளிவு என்பதற்கு உரைமரபில் வழங்கும் எடுத்துக்காட்டு சிந்திக்கத்தக்கது. எறும்புகள் முட்டையைச் சுமந்து மேட்டில் ஏறுவதைக் கண்டவர், மழை இன்னும் பெய்யாத நிலையிலும் ‘மழை பெய்தது’ எனலாம். மழை வருதல் உறுதி என்பதற்குக் கண்முன் சான்று இருப்பதே இவ்விசைவின் அடிப்படை.

இலக்கணிகள் வகுத்த எல்லை இங்குக் கருதத்தக்கது. காலத்தை மயக்கிக் கூறுதல் இயல்பில் வழு. தக்க காரணம் இருப்பின் அது வழுவமைதியாகிறது. காரணம் இல்லையேல் வழு வழுவாகவே நிற்கும். இவ்வளவுகோலை முதலீட்டுச் செய்திகளுக்குப் பொருத்திக் காணலாம்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் வெளிவரும் தலைப்புகளில் ‘குவிந்தது’, ‘ஈர்த்தது’, ‘கிடைத்தது’ போன்ற இறந்தகால வினைமுற்றுகள் பெருவழக்காக உள்ளன. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது இரு தரப்பினரின் கருத்தை வெளிப்படுத்தும் ஆவணம். குறிப்பிட்ட தொகையைக் குறிப்பிட்ட நாளில் முதலிட வேண்டும் என்னும் சட்டக் கட்டாயம் பொதுவாக அதில் இல்லை. அன்றைய நாளில் நிகழ்ந்தது கையெழுத்து ஒன்றே. முதலீடு இனிமேல்தான் வரவேண்டும். ஆகவே ‘முதலீடு குவிந்தது’ என்பது காலமயக்கமாகும்.

இம்மயக்கம் அமைதிக்கு உரியதா என்பதை அறிய எறும்புகளைத் தேடவேண்டும். நிலம் ஒப்படைக்கப்பட்டமை, சுற்றுச்சூழல் அனுமதி பெறப்பட்டமை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவு, கட்டட வரைபட ஒப்புதல், மின்னிணைப்பு, இயந்திர இறக்குமதி என்பன தொழிற்சாலை வருவதற்கு முன்னர்த் தென்படும் அடையாளங்கள். இவற்றுள் ஒன்றையேனும் சுட்டி, அதன் வலிமையில் இறந்தகாலம் கூறப்படின் அது தெளிவு பற்றிய வழுவமைதி எனக் கொள்ளலாம். செய்தியில் இவற்றுள் எதுவும் இடம்பெறாத நிலையில் எஞ்சுவது விரைவு மட்டுமே. அவ்விரைவும் வாசகருக்கு உரியதன்று. அறிவிப்போரின் விரைவே செய்தியின் விரைவாக உருமாறுகிறது.

தொகைகளைக் கூட்டும் முறை

சென்னையில் 2015 செப்டம்பரில் நடைபெற்ற முதல் உலக முதலீட்டாளர் மாநாட்டில் 98 ஒப்பந்தங்களின் வழி ரூ.2.42 லட்சம் கோடியும், 2019 சனவரியில் நடைபெற்ற இரண்டாம் மாநாட்டில் 304 ஒப்பந்தங்களின் வழி ரூ.3 லட்சம் கோடியும், 2024 சனவரி 7, 8 ஆகிய நாள்களில் நடைபெற்ற மூன்றாம் மாநாட்டில் 631 ஒப்பந்தங்களின் வழி ரூ.6,64,180 கோடியும் அறிவிக்கப்பட்டன. மூன்றாம் மாநாட்டின் வழி நேரடியாக 14.54 லட்சம் பேருக்கும் மறைமுகமாக 12.35 லட்சம் பேருக்கும் வேலைவாய்ப்பு உருவாகும் என அரசு தெரிவித்தது. ஆட்சிகள் மாறினும் அறிவிப்பின் வடிவமும் செய்தியின் வடிவமும் மாறவில்லை என்பதை இவ்வரிசை புலப்படுத்துகிறது. எனவே இச்சார்பினைக் கட்சிச் சார்பாக மட்டும் சுருக்கிக் காண்பது பொருந்தாது.

இவ்வெண்களை வாசகர் மதிப்பிட ஓர் ஒப்பீடு தேவை. 2023-24இல் தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு நடப்பு விலையில் ஏறத்தாழ ரூ.27 லட்சம் கோடி. இரண்டு நாள்களில் அறிவிக்கப்பட்ட தொகை இதில் நான்கில் ஒரு பங்கு. வேலைவாய்ப்பு எண்ணிக்கை இன்னும் கூர்மையான ஒப்பீட்டுக்கு இடமளிக்கிறது. ஒன்றிய அரசின் 2022-23ஆம் ஆண்டுத் தொழில்கள் ஆய்வின்படி, நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில் பணியாற்றுவோர் ஏறத்தாழ 1 கோடியே 84 லட்சம் பேர். அவர்களுள் தமிழ்நாட்டின் பங்கு 15 விழுக்காட்டை ஒட்டியது. அதாவது 27 லட்சம் அளவினது. பஞ்சாலைகள் தொடங்கிய காலம் முதல் இன்றுவரை இம்மாநிலத்தில் உருவான பதிவுபெற்ற ஆலை வேலைகள் அனைத்துக்கும் ஏறக்குறைய நிகரான எண்ணிக்கையை, நேரடி, மறைமுக வேலைகளைச் சேர்த்து, ஒரே மாநாடு வாக்களித்துள்ளது என்பது இதன் பொருள். ஒப்பந்தங்களில் தகவல் தொழில்நுட்பம், எரிசக்தி முதலிய துறைகளும் அடங்கும் என்பதால் இவ்விரு எண்களும் முற்றிலும் ஒத்த அளவைகள் அல்ல. ஆயினும், வாக்குறுதியின் பருமனை உணர்த்த இது போதுமானது. இவ்வொப்பீட்டுக்குத் தேவையான தரவுகள் பொதுவெளியில் உள்ளவை. அவற்றைத் தேடி அருகருகே வைக்கும் பணியைச் செய்தி மேற்கொள்வதில்லை.

கூட்டுத்தொகை மற்றொரு வகையிலும் மயக்கம் தருவது. 2024 மாநாட்டில் அறிவிக்கப்பட்டவற்றுள் கிருட்டினகிரி மாவட்டத்துக்கான டாட்டா எலக்ட்ரானிக்ஸ் திட்டம் ரூ.12,082 கோடி முதலீட்டில் 40,500 வேலைகளைக் குறிப்பிட்டது. ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டம் ரூ.12,000 கோடியில் 6,600 வேலைகளைக் குறிப்பிட்டது. தொகையால் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. ஒரு வேலைக்கு ஆகும் முதலீடோ முதலாவதில் ஏறத்தாழ ரூ.30 லட்சம், இரண்டாவதில் ரூ.1 கோடியே 80 லட்சத்துக்கு மேல். கோடிகளை மட்டும் முன்னிறுத்தும் தலைப்பு, வேலை தேடும் இளைஞருக்கு இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டுகிறது. எரிசக்தித் திட்டமும் மின்னணுத் தொழிற்சாலையும் வெவ்வேறு தேவைகளை நிறைவு செய்பவை. இரண்டையும் கூட்டிப் பெறும் தொகை, எந்த ஊரில் எத்தகைய வேலை என்னும் கேள்விக்கு விடையாகாது.

‘வரை’ என்னும் சொல்லின் இழப்பு

வியட்நாமைச் சேர்ந்த வின்பாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் மின்வாகனத் தொழிற்சாலை அமைப்பதற்கு 2024 சனவரியில் ஒப்பந்தம் செய்தது. நிறுவனத்தின் அறிக்கையில் முதலீடு 200 கோடி டாலர் ‘வரை’ என்றும், முதற்கட்டமாக ஐந்தாண்டுகளில் 50 கோடி டாலர் இட விழைவதாகவும், 3,000 முதல் 3,500 வேலைகள் உருவாகக்கூடும் என்றும் கூறப்பட்டிருந்தது. தமிழ்ச் செய்திகளில் நிலைபெற்றதோ ரூ.16,000 கோடி என்னும் ஒற்றை எண். முதற்கட்ட உறுதிப்பாடு ஏறத்தாழ ரூ.4,000 கோடி என்பதும், எஞ்சிய முக்காற்பங்கு பின்னாளைய வளர்ச்சியைச் சார்ந்தது என்பதும் அவ்வெண்ணில் மறைந்துவிட்டன.

இம்மாற்றம் ஒரு சொல்லின் இழப்பால் நேர்வது. ‘வரை’ என்பது தமிழில் மேலெல்லையைக் குறிக்கும் சொல். அது நீங்கியவுடன் உச்சவரம்பு உறுதித்தொகையாகிறது. இவ்வாறே ‘அனுமதி கிடைப்பின்’, ‘சந்தை நிலைக்கேற்ப’ போன்ற நிபந்தனைத் தொடர்கள் நிறுவன அறிக்கைகளில் தவறாது இடம்பெறுகின்றன. பங்குச்சந்தை விதிகளின் பொருட்டு முதலீட்டாளருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் அவை. பங்கு வாங்குவோருக்கு உரைக்கப்படும் இவ்வெச்சரிக்கை, நிலம் தருவோரையும் வேலை தேடுவோரையும் சென்றடைவதில்லை. ஒரே திட்டம் குறித்து இருவகை வாசகருக்கு இருவகை மெய்ம்மை வழங்கப்படுவதே இங்கு எழும் அறச்சிக்கல்.

இத்திட்டத்தின் பிற்கால வரலாற்றையும் சுட்டுவது நடுநிலைக்கு இன்றியமையாதது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட அத்தொழிற்சாலை, 2025 ஆகஸ்டு 4 அன்று ஆண்டுக்கு 50,000 வாகனங்கள் என்னும் தொடக்கத் திறனுடன் திறக்கப்பட்டது. ஒப்பந்தங்கள் யாவும் வெற்றுத்தாள் என்னும் வாதத்தை இந்நிகழ்வு மறுக்கிறது. அதே வேளையில், துல்லியமாக எழுதியிருந்தாலும் இது பெருஞ்செய்தியாகவே இருந்திருக்கும் என்பதையும் இது உணர்த்துகிறது. மெய்யான திட்டத்துக்கு மிகை தேவைப்படவில்லை. மிகையால் நேர்ந்த விளைவு, மெய்யான திட்டத்தையும் மெய்யாகாத திட்டத்தையும் வேறுபடுத்தி அறியும் வாய்ப்பு வாசகரிடமிருந்து பறிக்கப்பட்டமையே.

தருவோர் இல்லாத் தொடர்கள்

முதலீட்டுச் செய்தியின் தொடரமைப்பில் ‘முதலீடு’ எழுவாயாக நிற்கிறது. அது வருகிறது, பாய்கிறது, குவிகிறது. அதற்கு ஈடாக அரசு தருவன யாவை என்பதற்குத் தொடரில் இடமில்லை. கொடைப்பொருளும் கொள்வோரும் உளர். கொடுப்போர் மட்டும் மறைந்துள்ளனர்.

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் அமைத்த கைப்பேசித் தொழிற்சாலை இதற்குத் தக்க சான்று. 2005இல் மாநில அரசுடன் ஒப்பந்தம் செய்த அந்நிறுவனம் 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. அவ்வொப்பந்தத்தின்படி அரசு ஏற்ற கடமைகளை, தகவல் அறியும் உரிமையின் வழிக் கிடைத்த ஆவணங்களைக் கொண்டு மதுமிதா தத்தா 2009இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் விரிவாக ஆராய்ந்தார். சலுகை விலையில் நிலம், செலுத்திய விற்பனை வரியைத் திருப்பித் தருதல் முதலியன அவ்வாய்வில் வெளிப்பட்டன. தொழிற்சாலையின் வருகை முதற்பக்கச் செய்தியாயிற்று. அவ்வருகைக்குப் பொதுமக்கள் கொடுத்த விலை ஓர் ஆங்கில ஆய்விதழின் பக்கங்களில் பதிவாயிற்று. தமிழ் வாசகர் முதலாவதைப் படித்தார். இரண்டாவது அவரை எட்டும் வழி அரிதாகவே இருந்தது.

2013இல் எழுந்த வரிச்சிக்கல், 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு நடந்த கைம்மாற்றத்தில் சென்னை ஆலை சேர்க்கப்படாமை ஆகியவற்றைத் தொடர்ந்து, 2014 நவம்பர் 1 அன்று அங்கு உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பகுதியினர் பெண்கள், இருபதுகளின் நடுவிலேயே விருப்ப ஓய்வு பெற்றனர். ஒப்பந்தத்தில் அரசு தருவன எவை, நிறுவனம் விலகினால் திரும்பப் பெறுவன எவை என்னும் வினாக்கள் 2005இலேயே செய்தியில் எழுந்திருப்பின், ஒன்பதாண்டுகள் கழித்து நேர்ந்த மூடல் விபத்துப் போலத் தோன்றியிராது. பின்னர் அதே வளாகம் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்கு வந்து மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, தொடக்கச் செய்தியின் வாய்பாடு மீண்டும் புதிதாகத் தொடங்கியது. முதலீட்டுச் செய்திக்கு நினைவு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிலம் தருவோரும் இவ்வாறே தொடரிலிருந்து விலக்கப்படுகின்றனர். ‘நிலம் கையகப்படுத்தப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினையில் கையகப்படுத்தியவரும் இழந்தவரும் ஒருங்கே மறைகின்றனர். திருவண்ணாமலை மாவட்டம் மேல்மா பகுதியில் சிப்காட் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்காக 3,174 ஏக்கர் நிலம் எடுக்கும் திட்டத்தை உழவர்கள் 2023இல் தொடர்ந்து எதிர்த்து வந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவர்களுள் ஏழு பேர் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைவைக்கப்பட்ட பின்னரே அப்போராட்டம் மாநிலம் தழுவிய செய்தியாயிற்று. எதிர்ப்பு வலுத்ததும் ஆறு பேர் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. நிலம் பற்றிய வழக்கு செய்தியாவதற்குச் சட்டம் ஒழுங்கின் வாயிலைக் கடக்க வேண்டியிருந்தது. முப்போக நிலமா, மானாவாரியா, பாசன ஏரி எது, எத்தனை குடும்பங்கள் என்னும் செய்திகள் அவ்வாயிலைக் கடந்த பின்னரும் முழுமையாக உள்நுழையவில்லை.

‘வேலைவாய்ப்பு’ என்னும் சொல்லின் வெறுமை

முதலீட்டுச் செய்தியில் தொழிலாளர் எண்ணிக்கையாகவே தோன்றுகின்றனர். அவ்வெண்ணிக்கை நிரந்தர வேலையைக் குறிக்கிறதா, ஒப்பந்த வேலையையா, பயிற்சியாளர் நிலையையா என்பது கூறப்படுவதில்லை. ஊதியம், பணிநேரம், தங்குமிடம் ஆகியனவும் அவ்வாறே. எண்ணிக்கைக்குப் பின்னிருக்கும் மாந்தர் செய்தியில் தோன்ற வேண்டுமாயின் ஏதேனும் கேடு நிகழ வேண்டியுள்ளது.

2021 திசம்பரில் திருப்பெரும்புதூர்ப் பகுதியிலுள்ள பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நச்சானது. 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணியாற்றுவோரின் நிலை குறித்து உறுதியான தகவல் கிடைக்காத பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். இறப்புகள் நேர்ந்ததாகப் பரவிய வதந்தி அன்றைய பதற்றத்தைப் பெருக்கியது. வதந்தி அங்கு வேரூன்றியதற்கு, அவ்விடுதிகளின் நிலை குறித்து அதற்கு முன்னர் நம்பத்தக்க செய்திகள் போதிய அளவில் வெளிவராமையும் ஒரு காரணம் எனக் கொள்ள இடமுண்டு. செய்தி வெற்றிடமாக விட்ட இடத்தை வதந்தி நிரப்பியது.

2024 ஆகஸ்டு இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டு முதலமைச்சர் அமெரிக்கப் பயணம் மேற்கொண்டார். ரூ.7,600 கோடிக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் அப்பயணத்தின் பயனாக அறிவிக்கப்பட்டன. அக்காலத்திலேயே, செப்டம்பர் 9 அன்று, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். தொழிற்சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது அவர்களது தலைமையான கோரிக்கை. அக்டோபர் நடுப்பகுதி வரை அது நீடித்தது. இவ்விரு செய்திகளும் ஒரே பொருளின் இரு முகங்கள். வரவிருக்கும் ஆலைகளில் வேலை எத்தகையதாக அமையும் என்பதற்கு, இருக்கும் ஆலையின் தொழிலாளர் கூறுவதே முதன்மைச் சான்று. செய்தி வாய்பாடோ முன்னதை வளர்ச்சிப் பிரிவிலும் பின்னதைச் சிக்கல் பிரிவிலும் வைக்கிறது. முதலீட்டுச் சூழலுக்கு நேரும் ஊறு என்னும் சட்டகத்துக்குள் வேலைநிறுத்தம் அடக்கப்படும்போது, தொழிலாளர் தாம் வாழும் மண்ணின் வளர்ச்சிக்கே இடையூறாகச் சித்திரிக்கப்படுகின்றனர்.

சார்பின் அமைப்பியல் அடிப்படைகள்

இப்போக்கினைச் செய்தியாளரின் ஒழுக்கக் குறையாகக் காண்பது எளிது. ஆனால் அது போதுமான விளக்கமன்று. மாவட்ட அளவில் செய்தி சேகரிப்போருள் பலர் நிலையான ஊதியமின்றி, வெளியாகும் செய்திக்கேற்பப் பணம் பெறுவோர். அவர்களுள் சிலர் விளம்பரம் திரட்டும் பணியையும் உடன் சுமப்பவர். விழாக்காலச் சிறப்பிதழுக்கும் ஆண்டுவிழா இணைப்பிதழுக்கும் விளம்பரம் தரும் ஆலையைப் பற்றி அவரே வினாவெழுப்பும் செய்தி எழுதுவார் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அரசு விளம்பரம் நாளிதழ்களின் வருவாயில் வகிக்கும் இடமும் அறியத்தக்கது. இவற்றோடு, அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையும் நிறுவனங்களின் மக்கள் தொடர்பு முகவர்களும் அச்சுக்கு ஏற்ற வடிவில் அறிக்கைகளை அளிக்கின்றனர். அவற்றைச் சரிபார்க்க ஒரு நாள் தேவை. வெளியிட ஒரு மணி நேரம் போதும்.

இந்திய அளவில் இச்சிக்கல் முன்னரே கவனம் பெற்றுள்ளது. 2009 தேர்தலையொட்டி எழுந்த ‘விலைக்குச் செய்தி’ வழக்கத்தை ஆராய இந்தியப் பத்திரிகை மன்றம் துணைக்குழு அமைத்து, 2010இல் அறிக்கை வெளியிட்டது. விளம்பரத்துக்கு ஈடாக நிறுவனப் பங்குகளை ஊடகக் குழுமங்கள் பெறும் தனி உடன்படிக்கைகள் குறித்து, அப்பங்குரிமையைச் செய்தியில் வெளிப்படுத்த வேண்டும் எனப் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபி அதே ஆண்டில் அறிவுறுத்தியது. ஆனால் இவ்விரு நடவடிக்கைகளும் பணம் அல்லது பங்கு கைமாறும் நிலையையே கருத்தில் கொண்டவை. எதுவும் கைமாறாமலே, மொழிப் பழக்கத்தால் மட்டும் நிகழும் விளம்பரத்தை எந்த நெறிமுறையும் தொடுவதில்லை. இக்கட்டுரை சுட்டும் சார்பு பெரிதும் இவ்வகையினது.

நாளிதழின் உட்பக்க முரண் ஒன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் குறித்த அறிவிப்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் வெளியாக வேண்டும். மக்களுக்குக் குறைந்தது 30 நாள் கால இடைவெளியும் தரப்பட வேண்டும். அதாவது, திட்டத்தைக் கேள்வி கேட்கும் உரிமையைக் குடிமகனுக்கு அறிவிக்கும் கருவியாகச் சட்டமே செய்தித்தாளைத் தேர்ந்துள்ளது. அவ்வறிவிப்பு உட்பக்கத்தில் சிற்றெழுத்து விளம்பரமாக அச்சாகிறது. அதே திட்டத்தின் பெருமை முதற்பக்கத்தில் செய்தியாக ஒளிர்கிறது. கூட்டம் எங்கு, எந்நாளில், எவ்வாறு கருத்துரைப்பது என்பதைச் செய்தியின் இறுதிப் பத்தியில் சேர்ப்பதற்குக் கூடுதல் செலவில்லை. சேர்க்கப்படாமை, வாசகரைப் பயனாளியாக மட்டுமே கருதி, உரிமையாளராகக் கருதாத பார்வையின் விளைவு.

மாற்று வாசிப்புக்கான அடிப்படைகள்

வளர்ச்சிச் செய்தியைத் திறனாய்தல் வளர்ச்சிக்கு எதிர்நிலை ஆகாது. 1998இல் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாய் தொழிற்சாலை முதலாகத் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகள் அடைந்த மாற்றம் மறுக்க இயலாதது. நாட்டிலேயே மிகுதியான ஆலைகளைக் கொண்ட மாநிலமாகத் தமிழ்நாடு விளங்குவதும் உண்மை. எல்லா அறிவிப்பையும் பொய்யெனத் தள்ளும் எதிர்மனப்போக்கும் விளம்பரச் சார்பைப் போன்றே வாசகருக்குப் பயனற்றது. இரண்டும் சான்றைத் தேடுவதில்லை என்பதில் ஒன்றுபடுகின்றன.

சான்றைத் தேடுவதற்கான வழிகள் அரியவை அல்ல. தொழில்முனைவோர் ஒன்றிய அரசிடம் அளிக்கும் குறிப்பாணையின் முதற்பகுதி முதலீட்டு விழைவையும், இரண்டாம் பகுதி உற்பத்தி தொடங்கியமையையும் பதிவு செய்கின்றன. மாநில வாரியாக இவ்விரு புள்ளிவிவரங்களும் வெளியிடப்படுகின்றன. விழைவுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியை அளக்க இவையே போதுமான தொடக்கம். ஓர் ஒப்பந்தம் கையெழுத்தான ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு நிறைவில் அதே பக்கத்தில் அதே அளவில் அதன் நிலையை வெளியிடும் வழக்கத்தை ஒரு நாளிதழ் மேற்கொள்ளுமாயின், அறிவிப்போரின் மொழியே நாளடைவில் அடக்கம் பெறும். தொகையுடன் கால அளவையும் உச்சவரம்பையும் சேர்த்துரைத்தல், அரசு தரும் சலுகையை அதே செய்தியில் குறிப்பிடல், வேலையின் தன்மையைக் கேட்டு எழுதுதல், நிலத்தின் முந்தைய பயன்பாட்டைப் பதிதல் என்பன இதன் தொடர்ச்சியாக அமையலாம்.

தமிழ் ஆய்வுலகுக்கும் இதில் கடமையுண்டு. தமிழ்த் துறைகளில் இதழியல் ஒரு பாடமாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. ஆயினும் இதழியல் ஆய்வேடுகள் பெரும்பாலும் இதழ்களின் வரலாற்றையும் இலக்கியப் பங்களிப்பையும் மையமிட்டே அமைகின்றன. முதலீட்டுச் செய்தியின் வினைமுற்று, எழுவாய், எச்சம், எண்ணுப்பெயர் ஆகியவற்றை ஒரு மாவட்டப் பதிப்பின் பத்தாண்டுத் தொகுதியில் தொகுத்து ஆராயும் பணி, இலக்கணப் பயிற்சி உடைய தமிழ் ஆய்வாளருக்கே முதன்மையாக இயலக்கூடியது.

முடிவுரை

தொழில் முதலீட்டுச் செய்திகளில் காணலாகும் விளம்பரச் சார்பு, பொய்யான தகவலைக் காட்டிலும் மொழியின் நுண்ணிய நழுவல்களாலேயே இயங்குகிறது. எதிர்காலம் இறந்தகாலமாதல், ‘வரை’ என்னும் சொல் மறைதல், கொடுப்போர் எழுவாயிலிருந்து நீங்குதல், மாந்தர் எண்ணாகக் குறுகுதல் ஆகிய நான்கும் அந்நழுவல்களின் வகைகள். ஒவ்வொன்றும் தனித்து நோக்கின் சிறியது. நான்கும் இணையும்போது, குடிமக்கள் தம் நிலத்தையும் உழைப்பையும் பற்றி முடிவெடுக்க வேண்டிய தருணத்தில் அவர்களிடம் உள்ள தகவல் குறைபடுகிறது.

சான்று கண்டு உரைப்போருக்கு மரபிலக்கணம் காலத்தை மயக்கும் உரிமையை வழங்கியுள்ளது. எறும்பு மேடேறாத நாளில் மழை பெய்ததாக எழுதும் உரிமையை அது எவருக்கும் வழங்கவில்லை.